அரை பக்கெட் தண்ணீர்: கொருக்குப்பேட்டையில் 14 மாதக் குழந்தை மூழ்கிய நிகழ்வின் ஆய்வு

வடசென்னையின் கொருக்குப்பேட்டைப் பகுதியில், வீட்டுக்குள் வைத்திருந்த 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டில் தலைகுப்புற விழுந்த 14 மாத ஆண் குழந்தை ஒன்று மூச்சு நின்ற நிலையில் வெளியே எடுக்கப்பட்டு, அக்கம்பக்கத்தாரின் உடனடி உதவியால் பிழைத்து, எந்தப் பாதிப்பும் இல்லாமல் வீடு திரும்பிய நிகழ்வை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. குடும்பத்தாரின் ஒப்புதலோடு எழுதப்படும் இதில், அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ உள்ளன. குழந்தை பிழைத்ததால்தான் நடந்ததை நடந்தபடியே கேட்டறிய முடிந்தது. குழந்தையைப் பறிகொடுத்த வீட்டில் பக்கெட்டின் உயரத்தையும் தண்ணீரின் அளவையும் கேட்க யாருக்கும் மனம் வராது. அதனாலேயே இத்தகைய மரணங்கள் ‘தண்ணீரில் விழுந்து இறந்தது’ என்ற ஒற்றை வரியோடு முடிந்துபோகின்றன.

நிகழ்வு நடந்தபோது வீட்டிலும் வாசலிலுமாகப் பெரியவர்கள் இருவர் இருந்தார்கள். குழந்தை, பார்த்துக்கொள்ளச் சொல்லப்பட்டிருந்த அக்காளின் கண்ணெதிரிலேயே இருந்தது. ஆகவே, கவனக்குறைவு என்ற ஒரு சொல்லால் இதை விளக்கிவிட முடியாது.

நிகழ்வு

தாய், தந்தை, தந்தையின் தாய், 6 வயதுப் பெண் குழந்தை, 14 மாத ஆண் குழந்தை என ஐந்து பேர் வாழும் ஓர் அறை வீடு அது. தந்தை சுமை தூக்கும் வேலைக்கு விடியுமுன் கிளம்பிவிடுவார். தெருவிலுள்ள அடிபம்பில் காலை வேளையில் மட்டுமே குடிநீர் வரும் என்பதால், அந்த நேரத்துக்குள் அன்றைய தேவைக்கான தண்ணீர் முழுவதையும் பிடித்து வைத்தாக வேண்டும். சம்பவ நாளன்று தாய் பம்படிக்கும் வாசலுக்கும் இடையே குடம் சுமந்துகொண்டிருந்தார். பாட்டி அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். “தம்பியப் பாத்துக்கோ” என்று சொல்லப்பட்ட அக்காள் பள்ளிச் சீருடை அணிந்து, தலை பின்னிக்கொள்வதற்காகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நடக்கப் பழகிச் சில வாரங்களே ஆகியிருந்த குழந்தை, கதவோரம் வைத்திருந்த பக்கெட்டுக்கு அருகில் ஒரு பிளாஸ்டிக் டம்ளரோடு நின்றிருந்தது. பக்கெட்டில் பாதியளவு தண்ணீர் இருந்தது.

வாசலைக் கடந்துபோன பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர், பக்கெட்டுக்கு மேலே இரண்டு கால்கள் அசையாமல் நிற்பதைக் கண்டு கூச்சலிட்டார். பாட்டி ஓடிவந்து குழந்தையை வெளியே எடுத்தார். உதடு நீலமாக இருந்தது, மூச்சு இல்லை, உடல் துவண்டு கிடந்தது. பாட்டி அவனைக் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உதறினார், வயிற்றை அழுத்தினார். மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும், அங்கே முதலுதவிப் பயிற்சி பெற்றிருந்த எதிர்வீட்டு இளைஞர் ஒருவர், குழந்தையை வாங்கித் தரையில் மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊதினார். சில முறை ஊதியதும் குழந்தை இருமி, வாந்தி எடுத்து, முனகத் தொடங்கியது. ஆட்டோவில் மருத்துவமனைக்குப் புறப்பட்டவர்கள், ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் ஒன்று கடந்து முடியும் வரை நிற்க வேண்டியிருந்தது. கேட் திறப்பதற்குள் மூச்சு சீராகியிருந்தது என்று அந்த இளைஞர் சொன்னார். வீட்டுத் தரையிலேயே மூச்சு திரும்பாமல் போயிருந்தால் அந்தக் காத்திருப்பின் பொருள் வேறாகியிருக்கும்.

மருத்துவமனையில்

அவசரப் பிரிவுக்கு வந்தபோது குழந்தை அழைத்தால் கண் திறந்தது. அழுகை பலவீனமாக இருந்தது. மூச்சு நிமிடத்துக்கு 56. ஆக்சிஜன் செறிவு 88 சதவீதம். உடல் வெப்பம் 35.6 டிகிரி செல்சியஸ். இரு நுரையீரல்களிலும் ஈரமான ஒலி கேட்டது. எக்ஸ்ரேயில் திட்டுத்திட்டான வெண்மை தெரிந்தது. ரத்தச் சர்க்கரை இயல்பாக இருந்தது. உடலில் வேறு காயமோ பழைய தழும்போ இல்லை. முகமூடி வழியே ஆக்சிஜன் கொடுக்கப்பட்டது. ஈர உடை களையப்பட்டு உடல் வெதுவெதுப்பாக வைக்கப்பட்டது. தொற்றுக்கான அறிகுறி இல்லாததால் ஆன்டிபயாடிக் கொடுக்கப்படவில்லை. 36 மணி நேரத்துக்குப் பின் ஆக்சிஜன் நிறுத்தப்பட்டு, நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. ஆறு வாரங்கள் கழித்துப் பார்த்தபோது நடை, பார்வை, செவித்திறன், பேச்சு எல்லாம் வயதுக்கேற்ப இருந்தன.

இப்படி எடுக்கப்பட்ட குழந்தை உடனே தெளிந்து விளையாடத் தொடங்கினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுவருவதே முறை. நுரையீரலின் பாதிப்பு அடுத்த சில மணி நேரத்தில் கூடக்கூடும் என்பதால், அறிகுறி எதுவும் இல்லாத குழந்தையையும் சுமார் 6 முதல் 8 மணி நேரம் கண்காணிப்பில் வைத்து அனுப்புகிறோம். குளித்துவிட்டுத் தூங்கிய குழந்தை பல நாள் கழித்துத் திடீரென்று ‘உலர் மூழ்கலால்’ இறக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு மருத்துவ அடிப்படை இல்லை.

முதலில் சொன்னதும் பிறகு சொன்னதும்

சேர்க்கையின்போது, குழந்தை குளியலறையில் வழுக்கி விழுந்து தண்ணீர் குடித்துவிட்டது என்றே உறவினர்கள் சொன்னார்கள். பக்கெட் என்ற பேச்சே எழவில்லை. மறுநாள், உறவினர் கூட்டம் கலைந்த பிறகு, தாய் தானாகவே செவிலியரிடம் உண்மையைச் சொன்னார். மாமியாரையும் மூத்த மகளையும் யாரும் பழிக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் சொல்லப்பட்டதாகவும் விளக்கினார். அதற்குள் வார்டு வாசலில் வந்துபோன ஒவ்வொருவரும் அவரைக் கேட்டிருந்த கேள்வி ஒன்றுதான்: “நீ எங்கடி போயிருந்த?”

விவரம் மாறும்போது, குழந்தைக்கு யாரேனும் வேண்டுமென்றே தீங்கு செய்திருக்கக் கூடுமோ என்று பார்ப்பது மருத்துவரின் கடமை. இங்கும் முறைப்படி அது செய்யப்பட்டு, ஐயத்துக்கு இடமில்லை என்று உறுதி செய்யப்பட்டது. ஆனால் இதில் நான் வற்புறுத்த விரும்புவது வேறு. பழிச்சொல்லுக்கு அஞ்சி வீடு உண்மையை மறைக்குமானால், வழுக்காத தரையைப் பற்றிய அறிவுரையோடு அவர்களை அனுப்பிவைப்போம். பக்கெட் கதவோரத்திலேயே இருக்கும். தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் ஒவ்வொரு சொல்லும் அடுத்த குழந்தையின் பாதுகாப்பைக் குறைக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பக்கெட்டின் கணக்கு

மூழ்குதல் என்றால் நம் ஊரில் காசிமேட்டுக் கடலும் புழல் ஏரியும்தான் நினைவுக்கு வருகின்றன. நீச்சல் தெரியாத பையன்களைப் பற்றிய பேச்சாகவே அது இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 5 வயது நிரம்பாத குழந்தை. நடை பழகும் குழந்தைக்கு ஆபத்தான நீர்நிலை பெரும்பாலும் அது வாழும் இடத்திலேயோ, அதை ஒட்டியோதான் இருக்கிறது.

இந்த நிகழ்வில் பாத்திரத்தின் வடிவம் தற்செயலானதன்று. வீட்டுக்கு வண்ணம் அடித்து முடித்ததும் மிஞ்சும் 20 லிட்டர் பெயின்ட் பக்கெட் வடசென்னையின் பல வீடுகளில் தண்ணீர்ப் பாத்திரமாகப் பயன்படுகிறது. அது உறுதியானது, விரிசல் விடாது, பக்கச் சுவர் ஏறக்குறைய நேராக இருக்கும். அதன் உயரம் நடை பழகும் குழந்தையின் உயரத்தில் பாதிக்குக் கிட்டத்தட்ட வரும். விளிம்பு வயிற்றுக்கும் மார்புக்கும் இடையே இருக்கும். அந்த வயதில் உடலின் எடை தலைப் பக்கம் கூடுதலாக இருப்பதால், உள்ளே விழுந்த டம்ளரை எடுக்கக் குனியும் குழந்தை விளிம்பை அச்சாகக் கொண்டு முன்னே கவிழ்ந்துவிடுகிறது. கவிழ்ந்தபின் கைகளை ஊன்றித் தன்னை மேலே தள்ளும் வலு அந்த வயதுக்கு இல்லை. பக்கெட்டாவது சாய்ந்து தண்ணீர் கொட்டிவிடுமா என்றால், அதுவும் இல்லை: 10 லிட்டர் தண்ணீரின் எடை 10 கிலோ. குழந்தையின் எடை 9.2 கிலோ. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 5 காலன், அதாவது சுமார் 19 லிட்டர் பக்கெட்டுகளைப் பற்றி விடுத்த எச்சரிக்கைகளுக்கும் காரணம் இதே இயக்கம்தான். மூக்கும் வாயும் மூடுமளவுக்குச் சில அங்குலத் தண்ணீர் இருந்தாலே போதும். ‘பாதி பக்கெட்தானே’ என்ற சமாதானத்துக்கு இங்கே இடமே இல்லை; விளிம்புவரை நிறைந்த பக்கெட்டைப் போலவே பாதி நிறைந்ததும் கொல்லும்.

இந்தப் பக்கெட்டோடு வரும் மூடி, இறுக்கமாகப் பொருந்தக்கூடிய நல்ல மூடி. வீட்டுக்குச் சென்று பார்த்தபோது அது மொட்டைமாடியில், வற்றல் காயவைக்கும் தட்டாக இருந்தது. பக்கெட்டின் மேல் ஒரு பழைய வேட்டித் துணி கட்டப்பட்டிருந்ததாகவும், தண்ணீர் பிடிக்கும்போது அவிழ்த்ததாகவும் பாட்டி சொன்னார். டெங்குக் கொசுவுக்காக டிரம்களையும் தொட்டிகளையும் மூடிவைக்கும்படி மாநகராட்சிப் பணியாளர்கள் வீடு வீடாகச் சொல்லிவருவதன் விளைவு அது. துணி கொசுவைத் தடுக்கும். சாயும் குழந்தையைத் தாங்காது. அதைவிட, அடியில் தண்ணீர் இருப்பதே கண்ணுக்குத் தெரியாமல் போகும். டெங்குப் பணியாளர் ஏற்கெனவே ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பாத்திரத்தையும் எட்டிப் பார்க்கிறார். அந்த வீட்டில் தவழும் அல்லது நடக்கப் பழகும் குழந்தை இருக்கிறதா என்ற ஒரு கேள்வியை அவர் கூடுதலாகக் கேட்டு, கெட்டியான மூடியை வற்புறுத்தினால், தனித் திட்டமோ தனி ஆளோ தேவைப்படாது.

அக்காள் பார்த்தது

6 வயதுச் சிறுமியிடம் அவளுடைய தாயின் மடியிலேயே உட்காரவைத்துப் பேசினோம். தம்பி என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்டதற்கு அவள் சொன்ன விடை: “தலய உள்ள வுட்டுப் பாத்துக்கினு இருந்தான்.” அவள் பார்த்திருக்கிறாள். பார்த்துக்கொள் என்று சொன்னதைச் செய்திருக்கிறாள். அவன் தினமும் தண்ணீரில் விளையாடுபவன் என்பதால், அன்றும் விளையாடுவதாகவே நினைத்திருக்கிறாள். சத்தம் எதுவும் வரவில்லை. மூழ்கும் குழந்தை கத்தாது. வாயும் மூக்கும் நீருக்குள் இருக்கும்போது கத்த இயலாது. தலை உள்ளே, கால் வெளியே என்ற நிலையில் கையடித்துத் தண்ணீர் தெறிப்பதும் சிறிது நேரமே. கண் பார்வையில் இருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. ஆபத்தை ஆபத்தென்று அடையாளம் காணக்கூடிய, கை எட்டும் தூரத்தில் இருக்கக்கூடிய பெரியவர் ஒருவர் வேண்டும். ஓர் ஆறு வயதுக் குழந்தையிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைப்பது இரண்டு குழந்தைகளுக்கும் அநீதி.

தாயோ, “ரெண்டு நிமிஷம்கூட இருக்காது டாக்டர்” என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். ஒரு குடம் நிறையப் பம்படித்துத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டால் அவ்வளவுதான் வருகிறது. நீரில் மூழ்கிய குழந்தை நினைவிழக்கவும் அவ்வளவு நேரம் போதும். தண்ணீர் வரும் நேரத்தில் பெரியவர்களின் கைகள் எல்லாம் வேலையில் இருக்கின்றன. வீட்டிலுள்ள பாத்திரங்கள் எல்லாம் திறந்து கிடக்கின்றன. குழந்தையோ தூங்கி எழுந்து முழு உற்சாகத்தில் இருக்கிறது. இந்த மூன்றும் ஒன்றுகூடும் அந்த ஒரு மணி நேரமே இப்பகுதி வீடுகளில் நாளின் மிக ஆபத்தான நேரம் என்பது என் கருத்து. நாள் முழுவதும் இமைக்காமல் பார்க்கச் சொல்வது யாராலும் கடைப்பிடிக்க முடியாத அறிவுரை. அந்த ஒரு மணி நேரத்துக்கு வாசற்படியில் குறுக்குப் பலகை வைப்பதோ, பாட்டி அடுப்பை அணைத்துவிட்டுக் குழந்தையோடு மட்டும் இருப்பதோ நடக்கக்கூடியது.

மீட்பைப் பற்றி

தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அழுத்தித் தண்ணீரை வெளியேற்றுவதும் நம் மக்களிடையே வெகுகாலமாக இருந்துவரும் பழக்கங்கள். பாட்டி செய்ததும் அன்பினால்தான். ஆயினும் அவற்றால் நுரையீரலில் இருந்து தண்ணீர் வெளியேறுவதில்லை. வயிற்றில் உள்ளது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போகும். விலைமதிப்பற்ற நொடிகள் வீணாகும். மூழ்கிய குழந்தைக்கு முதலில் தேவைப்படுவது காற்று. பெரியவர்களின் மாரடைப்பில் இதயம் முதலில் நிற்கிறது. மூழ்குதலில் ஆக்சிஜன் இல்லாமல் மூச்சு நின்று, அதன் பின்பே இதயம் நிற்கிறது. ஆகவே ஊதுவதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையானால் வாயையும் மூக்கையும் சேர்த்து நம் வாயால் மூடி ஊத வேண்டும். அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊத வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் அசைவோ மூச்சோ இல்லையென்றால், நெஞ்சின் நடு எலும்பின் கீழ்ப்பாதியை, நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை என்ற வேகத்தில் 30 முறை அழுத்தி, 2 முறை ஊதி, மூச்சு திரும்பும் வரையோ 108 ஆம்புலன்ஸ் வரும் வரையோ தொடர வேண்டும். அருகில் இன்னொருவர் இருந்தால் 108க்கு அழைப்பது அவர் வேலை.

இக்குழந்தை பிழைத்ததற்கு மருத்துவமனையைவிட அந்த இளைஞரின் பயிற்சியே முதற்காரணம். குழந்தைகள் அதிகம் வாழும் தெருக்களில் இந்தப் பயிற்சி, தொழிற்சாலைப் பாதுகாப்பு விதியின் பகுதியாக ஆண்களுக்கு மட்டும் கிடைத்து, பகலெல்லாம் வீட்டில் இருக்கும் பாட்டிமாருக்கும் தாய்மாருக்கும் கிடைக்காமல் இருப்பது சரியன்று.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வீடு

தாய் முன்பு வேலைக்குப் போய்வந்த நாட்களில், குழந்தையைத் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பெண்ணின் வீட்டில் விட்டுவந்திருக்கிறார். மாதப் பணம் பெற்றுக்கொண்டு, வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். பெயர்ப்பலகையோ பதிவோ இல்லாத, தெருவின் நம்பிக்கையை மட்டுமே நம்பி நடக்கும் இடம். அவருடைய அழைப்பின்பேரில் அங்கும் சென்று பார்த்தோம். பிள்ளைகளிடம் அவர் காட்டும் பரிவில் குறையேதும் இல்லை. கழிவறையில் எப்போதும் நிறைந்திருக்கும் பக்கெட்தான் குறை. அதன் கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டுமே இருந்தது. வெளியிலிருந்து சாத்திவைக்க வழியில்லை. தரை கழுவும் ஆசிட், குடிநீர் பாட்டிலில் ஊற்றி மூலையில் வைக்கப்பட்டிருந்தது. இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இப்போதைக்கு, அதைக் குடித்த குழந்தைக்கு வாந்தி எடுக்கவைக்கக் கூடாது என்பதை மட்டும் அவரிடம் சொல்லி, பாட்டிலை மேல் அலமாரிக்கு மாற்றச் செய்தோம். கழிவறைக் கதவின் வெளிப்புறத்தில், பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாளை அவர் மறுநாளே ஆசாரியை வரவழைத்துப் போட்டுவிட்டார்.

இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு அங்கன்வாடி சத்துமாவும் எடை பார்த்தலும் தருகிறது. பகல் முழுதும் வைத்துக்கொள்வதில்லை. 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் மீன் சுத்தம் செய்யும் பெண்ணுக்கும் அதனால் பயனில்லை. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளைப் பகலில் பராமரிக்க மத்திய அரசின் பால்னா திட்டத்தின் கீழ் அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்கள் வகுக்கப்பட்டுள்ளன. அவை இத்தெருக்களுக்கு நடக்கும் தூரத்தில் வர வேண்டும். வங்கதேசக் கிராமங்களில், தாய்மாருக்கு வேலை மிகுந்த காலை நேரத்தில் சின்னக் குழந்தைகளை ஊருக்குள்ளேயே ஒரு பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் வைத்திருக்கும் காப்பகங்கள், குளங்களில் குழந்தைகள் மூழ்கி இறப்பதைப் பெருமளவு குறைத்தன. மூழ்குதலைத் தடுக்கும் வழிகளில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனமும் அதையே பரிந்துரைக்கிறது. காப்பகம் என்பதைத் தாயின் வேலைவாய்ப்புக்கான வசதியாக மட்டுமே நாம் பார்த்துவருகிறோம். அது குழந்தையின் உயிர்காப்பும்கூட.

வீட்டில் செய்த மாற்றங்கள்

புதிதாக வாங்கியது மிகக் குறைவு. பெயின்ட் பக்கெட்டின் மூடி மாடியிலிருந்து இறங்கியது. வற்றலுக்கு முறம் வந்தது. குடிநீர் முழுவதும் பிளாஸ்டிக் குடங்களுக்கு மாறியது. குடத்தின் வாய் குழந்தையின் தலையைவிடக் குறுகலா என்று ஒவ்வொன்றையும் அளந்து பார்த்தோம். வாய் அகன்ற ஒன்று மட்டும் சமையல் மேடைக்கு ஏறியது. குளித்து முடித்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, பக்கெட்டைக் கவிழ்த்துவைப்பது வழக்கமாயிற்று. தண்ணீர்ப் பஞ்சம் கண்ட இப்பகுதியில் கொட்டுவது எளிதான செயலன்று. அந்தத் தண்ணீரைக் கழிவறைக்கான மூடியுள்ள டிரம்முக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது பாட்டியே கண்ட தீர்வு. பெரிய நீல டிரம் உயரமானதால் குழந்தைக்கு எட்டாது. அதன் அருகே இருந்த முக்காலி அப்புறப்படுத்தப்பட்டது. இரண்டடி உயரப் பலகை ஒன்று, பம்பில் தண்ணீர் வரும் நேரத்தில் அடுப்படிக்கும் அறைக்கும் நடுவே குறுக்கே நிற்கிறது. அந்த நேரத்தில் தண்ணீர்ப் பாத்திரங்கள் அனைத்தும் அடுப்படிப் பக்கமே வைக்கப்படுகின்றன.

ஆறு வார மறுபரிசோதனையின்போது தாய் ஒரே ஒரு கேள்வியோடு வந்திருந்தார். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பியாக வேண்டும், பாட்டிக்கு முழங்கால் வலி, பையன் இப்போது ஓடவே தொடங்கிவிட்டான், எங்கே விடுவது? தண்டையார்பேட்டைப் பெண்ணின் வீடு, தாழ்ப்பாள் போட்டபின், இப்போதைக்குப் போதுமானது என்று சொன்னோம். அவருக்கும் அத்தெருவின் மற்றப் பெண்களுக்கும் ஊதும் முறையைக் கற்றுத்தர, பொம்மையோடு ஒரு நாள் பயிற்சிக்கு ஏற்பாடாகியுள்ளது. அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் கேட்டுத் தெருப் பெண்கள் கையெழுத்திட்ட மனு வட்டார அலுவலகத்தில் கொடுக்கப்பட்டுள்ளது. இதை எழுதும் வரை பதில் வரவில்லை.